ஆற்றங்கரையில் இரண்டு குதிரைகள்

மைக்கக்காவுக்கு எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிடித்த வேலை, காலை நீட்டி உட்கார ஒரு வீடு, சொன்னதைக் காதில் வாங்காவிட்டாலும் சிரிக்க வைக்கத் தெரிந்த புருஷன், வாய்க்கு வாய் பேசினாலும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பேசுகிற மகள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் மனம் ஆறவில்லை. ஆற்றங்கரையில் ஒரு பெண் இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை.

பதற வேண்டாம், நிஜப் பெண் இல்லை. கதைப் பெண். கதைப் பெண்ணுக்காக ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பாளா என்று கேட்டால், இருப்பாள். மைக்கக்காவைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மைக் முன்னால் கதை படிப்பதுதான் அவள் வேலை, அதனால்தான் அந்தப் பெயர். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாய்விட்டுப் படிப்பாள். வெளியே ஒலிப்பதிவாளர் அதைப் பதிவு செய்வார். புத்தகம் கடைக்கு வருகிற அன்றே இவள் குரலும் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று சொல்வதைவிட, வராத வண்டிக்காக "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று சொன்னதுதான் அதிகம். அவள் அளவுக்கு வருந்தியவர்கள் அந்த ஊரில் கிடையாது. பிறகு நிலையத்தில் இயந்திரக் குரலைக் கொண்டுவந்து வைத்தார்கள். இவளைக் கோப்பு அடுக்கும் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். இவள் நேரே வீட்டுக்குப் போனாள்.

அந்த நிலைய வேலை எப்படிக் கிடைத்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒளித்து வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவளிடம் யார் என்ன கேட்பார்கள்? பெரியக்காவுக்கு அழகு, தங்கைக்குச் செல்லம், நடுவில் இருந்தவளுக்கு மற்றவர்களுடைய பைகள். எங்கே போனாலும் "இதைக் கொஞ்சம் பிடிடி" என்று கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெரியக்காவின் கல்யாணப் படத்தில் குடும்பமே நிற்கிறது. சித்தப்பாவின் இரவல் கோட்டு கூட இருக்கிறது. இவள் இல்லை. படம் பிடித்த நேரத்தில் மண்டப வாசலில் எல்லாருடைய கைப்பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக நிறுத்தப்பட்டிருந்தாள். அப்படியும் மணப்பெண்ணின் புதுச் செருப்பில் ஒன்று காணாமல் போனது. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். இவளும் தலையாட்டினாள்.

சரி, குதிரைக்காரிக்கு வருவோம்.

ஐந்து பாகமாக வருகிற மாயக்கதை அது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும். கையால் தொட்டால் பட்ட மரம் துளிர்க்கிற ஒரு நாயகி. அவளைக் கண்டதும் காதல் கொண்ட ஓர் இளவரசன். சண்டை, சாபம், பறக்கும் பாம்பு, எல்லாம் உண்டு. வருடத்துக்கு ஒரு பாகம். அதில் இரண்டாம் பாகத்தின் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் நாயகி ஆற்றைக் கடந்து இளவரசனைப் பார்க்கப் போகிறாள். போகும்போது தோழியிடம், அதாவது அந்தக் குதிரைக்காரப் பெண்ணிடம், "நான் வரும்வரை இங்கேயே இரு" என்று இரண்டு குதிரைகளின் கயிற்றையும் கொடுத்துவிட்டுப் போகிறாள். போனவள் போனவள்தான். மூன்றாம் பாகத்தில் குதிரைக்காரியைப் பற்றி ஒரு வரி இல்லை. நான்காம் பாகத்திலும் இல்லை. முதல் பாகத்தில் நாயகியைத் தீயிலிருந்து இழுத்துப் போட்டவள் அவள். கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவள் அவள். இளவரசன் வந்ததும் கறிவேப்பிலையாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணு வந்துச்சா?" என்று மைக்கக்காவின் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் கேட்பார். தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். எண்ணெய்க் கையைத் துடைத்தபடி கேட்பது அதைத்தான்.

"எங்க வர? இன்னும் குதிரையைப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

"குதிரையாவது உக்காருமா?"

"குதிரை நின்னுக்கிட்டேதாங்க தூங்கும்."

"அப்ப அதுங்களுக்குப் பிரச்சினை இல்ல. அந்தப் பொண்ணுக்குத்தான் கால் வலிக்கும்" என்பார். இந்த மாதிரி மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

மைக்கக்காவின் வேலை முறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்த தப்பு புரியாது. ஒரு புத்தகத்தில் இருபது முப்பது பேர் பேசுவார்கள். படிக்கிறது ஒரே வாய். யார் வரியை எந்தக் குரலில் படிப்பது என்று குழம்பாமல் இருக்க, அவள் ஆளுக்கு ஒரு நிறப் பென்சில் வைத்திருந்தாள். முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து வரிகளுக்குக் கீழே கோடு போட்டுவிடுவாள். மறுநாள் கண்ணாடி அறையில் எழுத்தை யோசிக்கவே மாட்டாள். கண் நிறத்தைப் பார்க்கும், தொண்டை தானாக மாறிக்கொள்ளும். நீலம் நாயகி, சிவப்பு இளவரசன், பழுப்பு மந்திரவாதிக் கிழவன், பச்சை குதிரைக்காரி. பெயரில்லாமல் கூட்டத்தில் பேசுகிறவர்களுக்குச் சாதாரணக் கறுப்புப் பென்சில்.

எல்லாருக்கும் குரலைச் செதுக்கிச் செதுக்கி வைத்தவள், குதிரைக்காரிக்கு மட்டும் மெனக்கெடவில்லை. முதல் பாகம் படிக்கும்போது அவள் ஒப்புக்குச் சப்பாணி, நாலு பக்கத்தில் செத்துவிடுவாள் என்று நினைத்துத் தன் சொந்தக் குரலையே கொடுத்துவிட்டாள். வீட்டில் "பால் பொங்குது பாரு" என்று சொல்லுகிற குரல். அந்தப் பெண்ணோ சாகவில்லை. சாகாததோடு, அந்தக் குரலில் பேசப் பேச மைக்கக்காவுக்கு அவள் மேல் பாசம் வந்துவிட்டது.

சிவப்புப் பென்சில் நான்கு பாகத்துக்குள் ஆறு முறை தீர்ந்து புதிதாக வாங்க வேண்டியிருந்தது. அந்த இளவரசன் வாயை மூடுவதே இல்லை. மூன்றாம் பாகத்துக்கென்று வாங்கிய பச்சைப் பென்சில் மட்டும் வாங்கின நீளத்திலேயே, சீவிய முனை மழுங்காமல், பெட்டியில் படுத்துக் கிடந்தது.

அந்த இளவரசனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாயகி எங்கே நடந்தாலும் அவள் காலடி தன் காதில் கேட்கும்படி ஒரு மந்திரம் போட்டு வைத்திருந்தான். அவளுக்கு வருகிற கடிதங்களை அவளுக்கு முன்னால் படித்தான். அவளோடு பேசிய ஒரு வில்வீரனின் விரலை ஒடித்தான். கடைசியில், வெளியே ஆபத்து என்று சொல்லி அவளைக் கோபுரத்தில் வைத்துப் பூட்டினான். பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதான். அந்த அழுகைக்குத்தான் நாடே உருகியது.

மைக்கக்காவின் பதினாறு வயது மகளும் உருகியவர்களில் ஒருத்தி. அவளுடைய துணி அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் இளவரசன் தலைமுடி காற்றில் பறக்க நின்றான்.

"அவனுக்கு அவ மேல உசுரும்மா."

"உசுருன்னா உள்ள வெச்சுப் பூட்டுவானா? உங்கப்பாவுக்கும்தான் என் மேல உசுரு. நான் எந்தப் பஸ்ல போறேன்னு கூட அவருக்குத் தெரியாது."

"அதான் கதையில அப்பா மாதிரி ஆளுங்க வர்றதில்ல."

"வரணும். வந்தா நாலு பாகம் மிச்சம்" என்றார் அப்பா, உள்ளேயிருந்து.

இனி தப்பு நடந்த நாள். நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயம். முதல் நாள் மாலை மைக்கக்கா வீட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அத்தியாயத்தின் முடிவில் நாயகி கோபுர இருட்டில் படுத்திருக்கிறாள். பூட்டு திறக்கிற சத்தம். இருட்டிலிருந்து ஒரு குரல், யாருடையது என்று எழுதவில்லை: "கதவு திறந்திருக்கிறது. போ. திரும்பிப் பார்க்காதே." அத்தோடு பாகம் முடிகிறது. பெயரில்லாத குரல், ஆகவே கறுப்புப் பென்சில். கோடு போடப் போன நேரத்தில் கறுப்பு முனை முறிந்தது. பென்சில் சீவியைத் தேடினாள். மகள் பள்ளிக்கு எடுத்துப் போய்ப் பையோடு தோழி வீட்டில் விட்டிருந்தாள். அடுப்பில் வேறு ஏதோ தீய்கிற வாசனை. பெட்டியில் முனை கூராக இருந்தது ஒரே ஒரு பென்சில். சரி, ஒரு வரிதானே, நமக்குத் தெரியாதா என்று அதை எடுத்துக் கோடு போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

மறுநாள் கண்ணாடி அறையில், மூன்று மணி நேரம் படித்துக் களைத்த பிறகு, கண் பச்சையைப் பார்த்தது. தொண்டை தன் வேலையைச் செய்தது. ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

புத்தகம் வெளிவந்த அன்று சாயங்காலம் மைக்கக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதில் மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் திடீரென்று வீலென்று கத்தினாள்.

"அம்மா! வந்துட்டா! குதிரைக்காரி வந்துட்டா!"

"எங்க?" என்றாள் மைக்கக்கா. அவளுக்கும் ஒரு கணம் சந்தோஷம்தான்.

"கோபுரத்துக்கு! அவதான் கதவைத் தொறந்து விடறா! நீதானேம்மா படிச்சே, சொல்லவே இல்ல?" மகளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். நான்கு பாகத்தில் இளவரசனுக்காக அவள் விட்ட கண்ணீரில் இது சேர்த்தியில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். "அவ மறக்கலம்மா. நாந்தான் அவளை மறந்துட்டேன்."

மைக்கக்கா மடித்த துணியை அப்படியே போட்டாள். போய், கோடு போட்டு வைத்திருந்த தாள்கட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பச்சைக் கோடு பளிச்சென்று சிரித்தது.

மறைத்து வைக்கிற தப்பா அது? ஒரு வாரத்துக்குள் பதிப்பகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம். குதிரைக்காரி வந்துவிட்டாள் என்று பிள்ளைகள் கொண்டாடினார்கள். அவள் படத்தை வரைந்து அனுப்பினார்கள். அச்சுப் புத்தகத்தில் வெறும் "ஒரு குரல்" என்றுதானே இருக்கிறது என்று சிலர் கேட்க, போய்க் காதில் கேட்டுப் பார் என்று மற்றவர்கள் சண்டைக்குப் போனார்கள். பிறகு பதிப்பக மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, அந்தக் குரல் யாரு தெரியுமா? இளவரசன். அவனே மனசு மாறி அவளை விட்டுடறான். அஞ்சாம் பாகத்தோட முதல் அத்தியாயமே அதுதான். அவனை எல்லாரும் மன்னிக்கணும், அதுக்காக எழுதின மேடம் ரெண்டு வருஷமா யோசிச்சு வெச்சது. நீங்க ஒரே வரியில அவன் வாயிலேர்ந்து புடுங்கி வேற ஒருத்திக்குக் குடுத்துட்டீங்க. மேடம் கொதிச்சுப் போயிருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க. அந்த வரியைத் திருப்பிப் பதிவு பண்ணணும்." கொஞ்சம் நிறுத்தி, "அஞ்சாம் பாகத்துக்கு வேற குரல் பாக்கலாமான்னும் கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். ஒன்றும் சொல்லாதவர்கள் இப்படித்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள்.

அன்று மைக்கக்கா சாப்பிடவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, அதை மறுப்பானேன். அந்தக் கண்ணாடி அறையில்தான் அவள் உலகத்தை மறந்து சந்தோஷமாக இருப்பாள். ஆனால் அதைவிட ஒன்று அரித்தது. நாளைக்குத் தன் வாயாலேயே அந்தப் பெண்ணைக் கோபுரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய் மறுபடியும் ஆற்றங்கரையில் நிறுத்த வேண்டும். கதவைத் திறந்த நல்ல பெயரைப் பூட்டினவனுக்கே கொடுக்க வேண்டும்.

"மாட்டேன்னு சொல்லிடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நான் எப்பங்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்?"

அவர் யோசித்துப் பார்த்தார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒரு தடவை கூட நினைவுக்கு வரவில்லை. அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டு முன்னால் நகர்த்தி வைத்தார்.

எழுத்தாளர் என்றால் எப்படியோ இருப்பார் என்று மைக்கக்கா நினைத்திருந்தாள். வந்தவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தூக்கம் கெட்ட கண்கள். கோபமாகத்தான் வந்திருந்தார், ஆனால் குடையை மைக்கக்கா வாங்கி மூலையில் சாய்த்து வைத்ததும், அதற்கு "தேங்க்ஸ்" சொல்ல வேண்டியதாகிவிட்டது. கோபத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"ஏன் அப்படிப் படிச்சீங்க?"

மைக்கக்கா ஒளிக்கவில்லை. பென்சில் முனை முறிந்ததிலிருந்து அடுப்பில் தீய்ந்தது வரை சொன்னாள். "என் தப்புதான் மேடம். திருப்பிப் படிச்சுக் குடுத்துடறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் எழுத்தாளரும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒலிப்பதிவாளருக்கு அறுபது நெருங்குகிறது. அவர் இவளை "அக்கா" என்பார், இவள் அவரை "அண்ணே" என்பாள். யாருக்கு வயது கூட என்று இருவரும் பார்ப்பதில்லை.

மைக்கக்கா பச்சையை அழித்துச் சிவப்பில் கோடு போட்டிருந்தாள். மூச்சை இழுத்து, நான்கு பாகமாகப் பேசிப் பழகிய இளவரசனின் தாழ்ந்த குரலில் படித்தாள்.

"கதவு திறந்திருக்கிறது. போ. திரும்பிப் பார்க்காதே."

 வெளியிலிருந்து எழுத்தாளரின் குரல் வந்தது. "இன்னும் கொஞ்சம் மென்மையா. அவன் அவளுக்கு விடுதலை குடுக்கறான், இல்லையா?"

மைக்கக்கா மென்மையாகப் படித்தாள். வேண்டுமென்று கெடுக்கவில்லை, சத்தியமாக. தொழிலில் அவள் அப்படி ஏமாற்றினதே கிடையாது. ஆனால் மென்மை கூடக்கூட அந்த வரி பயமாகிக்கொண்டே போனது. போ என்றால் போய்ப் பாரேன் என்று கேட்டது. திரும்பிப் பார்க்காதே என்றால் பின்னாலேயே வருகிறேன் என்று கேட்டது.

"அன்பா... நெஜமான அன்பா" என்றார் எழுத்தாளர்.

மூன்றாவது முறை மைக்கக்கா கண்ணை மூடிக்கொண்டு, தன்னால் முடிந்த அத்தனை அன்பையும் திரட்டிச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். கையைத் தேய்த்துக்கொண்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. இதை யாராவது இப்படி அவங்ககிட்ட சொன்னா நான் போலீசுக்குப் போவேன்."

"குரலை மாத்தச் சொல்லுங்க."

"அக்கா குரலை மாத்தலாம். அவன் இதுவரைக்கும் பண்ணினதை மாத்த முடியாதே. சட்டியில இருக்கறதுதானே அகப்பையில வரும்?"

எழுத்தாளர் அந்தப் பதிவைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டார். பழையதையும் போடச் சொன்னார், பச்சைக் கோட்டில் படித்ததை. அதே மூன்று வாக்கியம். கதவு திறந்திருக்கிறது, போ, திரும்பிப் பார்க்காதே. ஓடி வந்து மூச்சு வாங்குகிற ஒரு தோழி, சீக்கிரம் கிளம்பு என்று தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. எழுத்தாளர் இரண்டையும் மாற்றி மாற்றி நாலு முறை கேட்டார். பிறகு கதவைத் திறந்து உள்ளே வந்து, மைக்கக்காவுக்கு எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வந்தபோது இருந்த கோபம் எங்கேயோ போயிருந்தது.

"அந்தக் குதிரைக்காரியை நான் எங்க விட்டேன்?"

மைக்கக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவளுக்கே தெரியவில்லையே. "ரெண்டாம் பாகம் மேடம். கடைசிக்கு முந்தின அத்தியாயம். ஆத்தங்கரை. சாயங்காலம், லேசா மழை. ரெண்டு குதிரை, ஒண்ணு நொண்டி. 'நான் வரும்வரை இங்கேயே இரு'ன்னு நாயகி சொல்லிட்டுப் போறா. அப்புறம் யாரும் கூப்பிடல."

"ரெண்டு வருஷமாவா?"

"மழைக்காலம் ரெண்டு போயிடுச்சு மேடம்."

எழுத்தாளர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் வாடியது. "சுத்தமா மறந்துட்டேன். அவன் வந்தப்புறம் அவனைத் தவிர யாரையும் எழுதத் தோணல. எல்லாரும் அவனைத்தான் கேட்டாங்க." விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க என்ன நெனைக்கிறீங்க? அவ அங்கேயே நின்னு அழுதுக்கிட்டு இருந்திருப்பாளா?"

மைக்கக்காவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆனால் பதில் என்னவோ நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"அழவெல்லாம் நேரம் இருந்திருக்காது மேடம். குதிரைக்குப் புல்லு வேணுமே."

எழுத்தாளர் அவளையே பார்த்தார். "யோசிக்கிறேன்" என்று எழுந்தார். புதுப் பதிவை வெளியிடுவதா வேண்டாமா என்று சொல்லவில்லை. ஐந்தாம் பாகத்தை யார் படிப்பது என்றும் சொல்லவில்லை. குடையையும் மறந்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஏழு மாதம். பழைய பதிவு மாறாமல் அப்படியே இருந்தது, அது ஓர் ஆறுதல். மைக்கக்கா ஒரு சமையல் புத்தகமும் ஒரு துப்பறியும் கதையும் படித்தாள். துப்பறியும் கதையில் எல்லாருக்கும் கறுப்புப் பென்சில் போதும், யாரும் முழு மனிதர்களாக இல்லை. வீட்டுக்காரர் சாயங்காலம் "வந்துச்சா?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. மகளின் அலமாரிக் கதவில் இளவரசனுக்கு மேல் ஒரு காலண்டர் வந்து தொங்கியது. "பரீட்சை வருதில்லம்மா, தேதி பாக்கத்தான்" என்றாள் அவள். நல்லவேளை, அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை பதிப்பகத்திலிருந்து தடித்த தாள்கட்டு வந்தது. மேலே ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் எழுத்தாளரின் கையெழுத்து: "குடையைப் பத்திரமாக வைத்திருங்கள். பச்சைப் பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள்."

மைக்கக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் அத்தியாயம். நாயகி கோபுரப் படியில் இறங்கி ஓடுகிறாள். கீழே இருட்டில் இரண்டு குதிரைகள். கதவைத் திறந்துவிட்டு முன்னால் இறங்கி வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரைக்காரி. நாயகி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இத்தனை காலமும் எனக்காக நின்றுகொண்டிருந்தாயா, உன்னை மறந்த பாவியாகிவிட்டேனே என்று அழுகிறாள். அதற்குக் குதிரைக்காரி சொல்கிறாள்:

"நின்றுகொண்டா இருப்பேன்? குதிரைக்குப் புல் வேண்டாமா? நொண்டிக் குதிரைக்கு வைத்தியம் பார்க்க நாலு ஊர் போனேன். போன இடத்தில் எல்லாம் எனக்கும் ஒரு கதை நடந்தது. நீதான் என்னை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டாய், நான் நிற்கவே இல்லை. அழுதது போதும், ஏறு. எங்கே போகவேண்டும் என்று நீ சொல், நான் கேட்கிறேன்."

இளவரசன் என்ன ஆனான் என்று கேட்பவர்களுக்கு: கோபுரத்தில் இருக்கிறான். நாயகி போகும்போது வெளிக்கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாள். வெளியே வர அவனுக்கு ஒரு பாகம் முழுக்கப் பிடித்தது. வந்தபோது யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் முதல் தடவையாக ஒரு கிழவரின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது மைக்கக்காவின் தொண்டையில் அவன் குரல் தானாகவே மென்மையானது. ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியதைக் கழற்றவில்லை.

குதிரைக்காரியின் பேச்சைப் பதிவு செய்ய மட்டும் ஐந்து முறை ஆயிற்று. "நான் நிற்கவே இல்லை" என்ற இடத்தில் மைக்கக்காவின் குரல் உடைந்துகொண்டே இருந்தது. "அக்கா, இன்னொரு தடவை" என்று ஒலிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். புத்தகம் முடிவதற்குள் பச்சைப் பென்சில் சுண்டுவிரல் நீளம்தான் மிச்சம்.

வெளிவந்த மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெரியக்கா போன் செய்தாள். அவளும் தங்கை குரல் என்பதற்காக இந்தக் கதையைக் கேட்டு வருகிறவள். எடுத்த எடுப்பிலேயே தழுதழுத்தாள்.

"ஏண்டி, நேத்து அந்தக் குதிரைக்காரி பேசறதைக் கேட்டேன். கேட்டுட்டு எழுந்து போய் ஹால்ல மாட்டியிருக்கற என் கல்யாணப் படத்தைப் பாத்தேன். முப்பது வருஷமா தூசி தட்டறேன். நேத்துதான்டி கண்ணுல பட்டுச்சு, நீ அதுல இல்ல. நாங்கதானே உன்னை வாசல்ல நிக்க வெச்சோம்? பையை எல்லாம் குடுத்துட்டு... எவ்வளவு நேரம் நின்னியோ..." மூத்தவள் அழுதாள். அழகுக்குப் பேர்போன பெரியக்கா மூக்கைச் சிந்தும் சத்தம் போனில் நன்றாகவே கேட்டது.

மைக்கக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று அவள் காத்திருந்ததாக அவளுக்கே இதுவரை தெரியாது.

"அக்கா, அழாதே. நான் எங்க நின்னேன்?"

"என்னடி சொல்றே?"

"நீங்க போன கொஞ்ச நேரத்துல ஒரு சின்னப் புள்ள, அம்மாவைக் காணோம்னு அழுதுக்கிட்டு வந்துச்சு. பை, செருப்பு எல்லாத்தையும் ஒரு பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டு, அதைத் தூக்கிக்கிட்டு மேடைப் பக்கம் போனேன். மைக் சும்மா கெடந்துச்சு. எடுத்து, 'சிவப்புச் சட்டை போட்ட மூணு வயசுக் குழந்தை மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது'ன்னு சொன்னேன். கூட்டமே அமைதியாயிடுச்சு. புள்ளையோட அம்மா ஓடி வந்துட்டா. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ரயில் நிலையத்துல பெரிய உத்தியோகத்துல ஒருத்தர் வந்திருந்தாரு. யாரும்மா அது பேசினதுன்னு தேடி வந்து, திங்கக்கிழமை வந்து பாருன்னாரு. நீங்க படம் எடுத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு வேலை கெடச்சிடுச்சுக்கா."

பெரியக்கா அழுகையை நிறுத்திவிட்டாள்.  மெல்ல ஒரு சிரிப்பு கூடக் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"இருடி. பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டுப் போனியா? அப்போ என் புதுச் செருப்பு? நாய் தூக்கிட்டுப் போச்சுன்னதும் தலையாட்டினே?"

மைக்கக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். பத்தொன்பது வருடம் நடைமேடை முழுக்கக் கேட்ட அதே குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"தாமதத்திற்கு வருந்துகிறோம்."